பெருமுக்கலுக்கு என்ன கலர்

ஜாக்குலின்: …அப்போ பெருமுக்கல் பக்கம் கர்ப்பிணிங்க யாருக்கும் ரத்தசோகையே இல்லன்றியா?

பிரபு: இருக்குது. கம்மி. அதான் மேப்புல வெளிர் சிவப்பு. விழுப்புரம் டவுனப் பாரு, கருஞ்சிவப்பு. தொண்ணூறு பேரு.

ஜாக்குலின்: பெருமுக்கல்ல?

பிரபு: இருபத்தொண்ணு. ஏய், மவுஸ்ல கை வெக்காத. பதினோரு மணிக்கு மீட்டிங். இதப் பார்த்துதான் புது நர்ஸு எந்த ஊருக்குன்னு முடிவு பண்ணுவாங்க. இன்னும் பிரிண்டே போடல…

ஜாக்குலின்: எத்தினி பேர்ல இருபத்தொண்ணு?

பிரபு: …டீ சொல்லட்டா?

ஜாக்குலின்: பிரபு.

பிரபு: ஆபீஸ்ல சார்னு கூப்பிடுன்னு சொன்னேன் இல்ல? அடுத்த டேபிள்ல ஜெகதீசன் அண்ணன் காத இங்கதான் வெச்சிக்கினு இருக்காரு.

ஜாக்குலின்: சரிங்க சார். எத்தினி பேர்லங்க சார்?

பிரபு: முப்பது.

ஜாக்குலின்: டவுன்ல?

பிரபு: அறுநூறு இருக்கும்…

ஜாக்குலின்: டவுன்ல நூத்துக்குப் பதினஞ்சு. அங்க நூத்துக்கு எழுபது. வெறும் தலைய எண்ணி கலர் அடிச்சா, ஜனம் அதிகமா இருக்கிற ஊருதான் எப்பவும் சிவக்கும். டெங்கு மேப்பு போட்டப்ப இத எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்.

பிரபு: அவசரத்துல மறந்துட்டேன்.

ஜாக்குலின்: மறந்துட்ட… இது என்ன, பக்கத்துல இன்னொரு மேப்பு? நூத்துக்கு எத்தினின்னு சரியாப் போட்டிருக்க. பெருமுக்கல் கருஞ்சிவப்பு. செவ்வாக்கிழமையே முடிச்சிருக்க.

பிரபு: தொடாதன்னு சொன்னேன்.

ஜாக்குலின்: சரியானத ஒளிச்சு வெச்சிட்டு தப்பானத அனுப்பப் போறியா? ஏன்?

பிரபு: நர்ஸு லிஸ்ட்ல அடுத்த பேரு உன்னுது, அதான். அந்த ஊரு சிவந்துதுன்னா நீதான் போவணும். இங்கேருந்து திண்டிவனம் ஒரு பஸ்ஸு, அங்கேருந்து இன்னொரு பஸ்ஸு. வாரத்துக்கு ஒரு நாள் உன் மூஞ்சியப் பார்த்துக்கினு எப்படி இருக்கிறது?

ஜாக்குலின்: போன மாசம் கேம்ப்புக்கு அங்க போனேன் இல்ல… இளவரசின்னு ஒரு பொண்ணு. எட்டு மாசம். நிக்க முடியாம உக்காந்து மல்லாட்டைச் செடியிலேருந்து கடலை ஆஞ்சிக்கினு இருந்தா. இமையக் கீழ இழுத்துப் பார்த்தா உள்ள துளி சிவப்பு இல்ல.

பிரபு: அவளும் இந்தக் கணக்குல இருக்காளா?

ஜாக்குலின்: அந்த இருபத்தொண்ணுல அவளும் ஒருத்தி.

பிரபு: போதும்… இந்தா, அழிச்சிட்டேன். சரியானதத்தான் பிரிண்ட் போடறேன். அப்படிப் பார்க்காத.

ஜாக்குலின்: எப்பவும் போலத்தான் பார்க்கிறேன்.

பிரபு: வந்துடுச்சு, பாரு. மூலையில அந்த ஊரு மட்டும் எரியுது. போ, ஜல்தியா பொட்டியக் கட்டு… என்ன நீ, ஒரு பேச்சுக்குக்கூட கவலைப்பட மாட்டேன்ற?

ஜாக்குலின்: அங்கதான் வேணும்னு நானே போன வாரம் எழுதிக் குடுத்துட்டேன்.

பிரபு: என்னக் கேக்காமயா?

ஜாக்குலின்: நீ என்னக் கேட்டுதான் கலர மாத்துனியா?

பிரபு: …அப்போ நானு?

ஜாக்குலின்: ஃபார்ம்ல குவாட்டர்ஸ் ஒருத்தருக்கா, குடும்பத்துக்கான்னு ஒரு கட்டம் இருந்துச்சு. குடும்பம்னு டிக் அடிச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உங்க அம்மாவ எங்க வீட்டுக்கு அனுப்பு. தினம் ரெண்டு பஸ்ஸு மாறி வேலைக்கு வர்றது இனிமே உன் பாடு.