சுங்கை புரோங்கில் இறங்கிய மருந்து

“அவ அண்ணன் அடிச்சா அடிக்கட்டும் லா. மருந்து பத்திரமா போய்ச் சேரணும்.”

கோலா சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். பேசியவன் மடியில் கிளினிக் பை இருந்தது.

“சீக்கு உனக்கு. அவளுக்கு எதுக்குடா மருந்து? அதான் பிரிஞ்சிட்டீங்களே,” என்றான் நண்பன்.

“என்கிட்டேருந்து அவளுக்கும் ஒட்டியிருக்கும்டா. பொம்பளைங்களுக்கு வெளிய தெரியாமலே இருக்குமாம். விட்டா, பின்னால பிள்ள தங்காமப் போகலாம்னு டாக்டர் சொன்னாங்க. அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னுகூட கேட்டுத்தான் கொடுத்தாங்க.”

“போன்ல சொல்லேன்.”

“பிளாக் பண்ணிட்டா.”

“பெரிய ஹீரோ! வாசல்லயே மிதிப்பாங்க.”

“மிதிக்கட்டும். அவ கையில கொடுத்து, மன்னிப்பு கேட்டுட்டு வந்திடுறேன்.”

எனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு இப்படி ஒன்று நேர்ந்தால், வீடு தேடி வந்து சொல்ல ஒருவன் இருப்பானா?

சுங்கை புரோங் நிறுத்தத்தில் அவன் எழுந்தான். செகிஞ்சானுக்கு டிக்கெட் எடுத்திருந்த நண்பனும் எழுந்தான்.

“நீ எங்கடா?”

“நீ அடி வாங்குறப்போ மருந்த யாருடா பிடிச்சிக்கிறது? நட லா.”