ஊட்டுக் கிழங்கு

கதவைப் பூட்டிவிட்டு பஸ் நிற்கும் இடம் வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பவள் நான். எதிலும் எனக்கு உறுதி கிடையாது. கல்லூரியில் வேதியியல் படித்தபோதும், குழாயில் நிறம் மாறியதா என்று பக்கத்தில் நிற்பவளைக் கேட்டுத்தான் எழுதுவேன்.

யமுனா அண்ணி அப்படியில்லை. எங்கள் மலையிலேயே திருப்புலி நாட்டுப் பக்கமிருந்து என் அண்ணனைக் கட்டி வந்தவர். உப்புப் போட்டால் போட்டதுதான், ருசி பார்க்க மாட்டார். "அந்தப் பூட்டுக்கு வாயிருந்தா அழுதுரும் கண்ணு" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதில் வஞ்சகம் இருந்ததில்லை.

முதலில் அண்ணி வைத்த சாவியை மட்டும் இடம் மாற்றி வைத்தேன். பிறகு அவர் அணைத்த அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன். மழைக்காலம் முடிவதற்குள் அவர் எல்லாவற்றையும் என்னிடம் கேட்கத் தொடங்கினார். அடுப்பை அணைத்தேனா, கோழியை அடைத்தேனா என்று. நான் பதில் சொன்னதும் அவர் முகம் தெளியும். என் சொல்லை அப்படி நம்பியவர்கள் வேறு யாருமில்லை. அந்த மாதங்களில் நான் பூட்டைத் திரும்பிப் போய்ப் பார்க்கவே இல்லை.

செம்மேட்டில் டாக்டர் அண்ணியைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரச் சொன்னார். அண்ணி துணிகளை எடுத்து வைத்தார். அங்கே சாவி வைத்த இடத்திலேயே இருக்கும்.

எங்கள் வீட்டில் மரவள்ளி இரண்டு குவியலாகக் கிடக்கும். சமைப்பதற்கு வைத்திருப்பதை ஊட்டுக் கிழங்கு என்போம். ஜவ்வரிசி மில்லுக்கு லாரியில் போவது மில்லுக் கிழங்கு. அது கசக்கும். அந்தக் கசப்பு விஷம். அண்ணன் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன அன்று, சமையலறைக் கூடையில் மில்லுக் கிழங்கை நிரப்பினேன்.

அண்ணி கிழங்குக் காட்டில் வளர்ந்தவர். முதல் வாயிலேயே நிறுத்தினார்.

"கசக்குதே கண்ணு. மில்லுக் கெழங்கு கலந்துருச்சா?"

"இல்லீங்க அண்ணி, ஊட்டுக் கெழங்குதான். நேத்து டீயும் கசக்குதுன்னீங்கல்ல."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சற்று யோசித்தார்.

"ஆமா, சொன்னேன்" என்றார். தட்டைக் காலி செய்தார்.

இருட்டுவதற்குள் இறந்துபோனார்.

ஒரே சட்டியில் இருந்ததில் நான் ஏன் ஒரு துண்டுகூடத் தொடவில்லை என்று கேட்கிறீர்கள். அன்று எனக்குப் பசித்ததா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. எதிலும் எனக்கு உறுதி கிடையாது என்று உங்களிடம் முதலிலேயே சொன்னேன்.