கழுவன் பொட்டல்

ரொம்பக் காலத்துக்கு முன்ன, இந்தப் பக்கம் ரோடே வராத காலத்துல, சிட்டாங்குளத்துல மாயக்கான்னு ஒருத்தி வாக்கப்பட்டு இருந்தாளாம். அவளுக்குக் கூடப்பொறந்தது ஒரே அண்ணன், கழுவன். மலைக்கு அந்தப் பக்கம் அவன் ஊரு.

ஆத்தா செத்த வீட்டுல, ஒரு பித்தளைக் குடத்துல வந்துச்சாம் வினை. "கேட்டா குடுத்துருவேன்"னான் அண்ணன். "குடுத்தா வாங்கிக்குவேன், கேக்க மாட்டேன்"னா தங்கச்சி. அம்புட்டுத்தான். ஏழு வருசம் பேச்சு இல்ல. அவன் அத ரோசம்னான். அவ வைராக்கியம்னா. அவ புருசன் சடையன் வீம்புன்னான். ஊரு பிடிவாதம்னு சொல்லிட்டு அது வேலையப் பாத்துச்சாம்.

மாயக்கா மக அழகிக்குக் கல்யாணம் வந்துச்சு. தாய்மாமன் மாலை போடாம தாலி ஏறாதுல்ல? புருசனப் போயி அழைக்கச் சொன்னா. தான் போகல. வருவானா, வருவானான்னு மலைப்பாதையவே பாத்துக்கிட்டுக் கிடந்தாளாம்.

வந்துட்டான். வைகாசி வெயில்ல சீர்த்தட்டும் கெடாயுமா வந்து, ஊரு எல்லைப் பொட்டல்ல நின்னுட்டான். எதிர்கொண்டு அழைக்க மேளம் போச்சு. சடையன் போனான்.

"மச்சான், வாங்க வீட்டுக்கு."

"நீ கூப்பிட்டு வரவா மாப்ள இம்புட்டுத் தூரம் நடந்தேன்? எந்தங்கச்சி 'அண்ணே'ன்னு ஒரு சத்தம் குடுக்கட்டும்."

சடையன் வந்து சொன்னான். மாயக்கா என்ன சொன்னாளாம்? "மொதல்ல வாசலுக்கு வரட்டும். கால்ல தண்ணி ஊத்தி, விழுந்து கும்பிட்டுக் கூப்புடறேன்."

போனான், வந்தான். போனான், வந்தான். பொட்டல்ல ஒரு மரம் இல்ல. தண்ணி குடுத்தா, "தங்கச்சி கையால குடிச்சுக்கிறேன்"னு தள்ளிட்டானாம் கழுவன். முதல் முகூர்த்தம் போச்சு.

"நான் போயிக் கூப்புடறேம்மா"ன்னு அழகி எந்திரிச்சா.

"நலங்கு வச்ச பொண்ணு வாசல் தாண்டக் கூடாது"ன்னு உக்கார வச்சுட்டா மாயக்கா. ஆனா அவளே மூணு தடவ வாசல் வரைக்கும் போயி, மூணு தடவ திரும்பினாளாம். இன்னும் செத்த நேரம் பாப்போம், அவனே வந்துருவான்னு.

உச்சிவேளைக்குச் சடையன் ஓடியாந்தான். "அடியே, ஒங்கண்ணன் ஆளு தள்ளாடுது!"

அப்பத்தான் செம்பத் தூக்கிட்டு ஓடினாளாம். "அண்ணே! வாண்ணே! அண்ணே!" தெரு நெடுகக் கத்திக்கிட்டே ஓடினா. போய்ச் சேரும்போது கழுவன் தட்டுகளுக்கு நடுவுல சாஞ்சு கெடந்தான். வாயில ஊத்துன தண்ணி கடைவாய் வழியா மண்ணுக்குப் போச்சாம்.

"கேட்டுச்சா? நான் கூப்பிட்டது அண்ணனுக்குக் கேட்டுச்சா?" கூட வந்தவுகள ஒவ்வொருத்தராப் புடிச்சுக் கேட்டா. ஒருத்தர், கண்ணு அசஞ்சுச்சுன்னாராம். மத்தவுக தலையக் குனிஞ்சுக்கிட்டாக.

அழகிக்கு ஆவணியில மேளமில்லாமத் தாலி ஏறுச்சு. மாயக்கா வெகுகாலம் இருந்தா. யாராச்சும் வைராக்கியக்காரின்னா பதறிப்போவாளாம். "வைராக்கியம்னா ஒண்ணச் செஞ்சு முடிக்கிறதுய்யா. நான் புடிச்சது வெறும் முரண்டு. பொட்டல் கூப்பிடு தூரந்தான. வாசல்ல நின்னு வாயத் தொறந்திருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்கும்."

அன்னையில இருந்து அது கழுவன் பொட்டல். சிட்டாங்குளத்துல கல்யாணம்னா, பொண்ணப் பெத்தவ மொதல்ல அங்க போயி நிக்கணும். மேளமெல்லாம் பெறகுதான். அண்ணன் கையெட்டுற தூரத்துல நின்னாலும் சரி, கூடப்பொறந்தவனே இல்லாட்டாலும் சரி, "அண்ணே, வாண்ணே"ன்னு தொண்ட கிழியக் கூப்பிடணும். மெதுவாக் கூப்பிட்டா ஊரு ஒத்துக்கிறதில்ல.