சாமி போட்ட தாழ்ப்பாள்

இஸ்துவான் சாமிக்குச் சாமைச் சோறு பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. மொச்சைக் குழம்பை மேலே ஊற்றக் கூடாது, ஓரமாக வைக்க வேண்டும். இது தெரிந்தவன் இந்த ஜவ்வாது மலையில் நான் ஒருவன்தான்.

நான் இந்த மாதாகோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. ஊருக்கு லட்சுமணன், ஞானஸ்நானப் பெயர் யார் வாயிலும் வராது. இவருக்கு முன்னால் வந்த மூன்று சாமியார்களும் காய்ச்சல் கண்டதும் மலையிறங்கிவிட்டார்கள். மூன்றாமவர் இறங்கிப்போன அதே வாரம் என் மனைவி குப்பம்மாள் செத்தாள். சாகிறவளுக்கு எண்ணெய் பூசி மந்திரிக்க ஆளில்லை. "சாமியக் கூப்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டேதான் போனாள்.

ஐம்பத்தெட்டில் இவர் வந்தார். பிஷப் என்கிற மேற்றிராணியாருக்கு எதிராகப் பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மறுத்ததற்காக, ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் சர்க்கார் ஆறு வருடம் சிறையில் வைத்திருந்ததாம். விரல்களில் நகம் கிடையாது. அந்தக் கையால்தான் பூசையில் நன்மை அப்பம் கொடுப்பார். எனக்கு அவர் என்றால் உயிர்.

அறுபத்திரண்டில் எங்கள் மேற்றிராணியாரிடமிருந்து அவருக்கு மாற்றல் கடிதம் வந்தது. அதே வாரம் மலேரியா மருந்தடிக்கிறவர்களின் ஜீப்பும் வந்தது. சத்தம் கேட்டதும், தன் நாட்டுப் போலீஸ் வந்துவிட்டது என்று பயந்து சாமி பீடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு, லட்சுமணா?"

"அவங்கதான் சாமி. உங்களத்தான் விசாரிக்கிறாங்க. வெளிய வராதீங்க."

கடிதத்தை அடுப்பில் போட்டேன். சாமி சொந்த நாட்டுக்கே போய்விட்டார் என்று மேற்றிராணியாருக்கு எழுதினேன். இங்கிருந்த எட்டுக் குடும்பமும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் பூசை வேண்டியிருந்தது. பூசை முடிந்ததும் சாமி தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். நான் இரண்டு தட்டுத் தட்டினால்தான் திறப்பார். இப்படியே வருடங்கள் ஓடின.

நாடு திரும்பாத அண்ணனைத் தேடி, போன மாசி மாதம் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். வாணியம்பாடி கார்க்காரர் இக்பால்தான் அழைத்துவந்தார்.

"இவங்க சாமி கூடப் பொறந்தவங்க. அவரு வூடு எங்கங்க?"

"காலமாய்ட்டாருங்க," என்றேன்.

கோயிலுக்குப் பின்னால் குப்பம்மாளின் கல்லறையைக் காட்டினேன். சிலுவையில் பெயர் கிடையாது. அந்த அம்மாள் மண்ணைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, என் பெண்டாட்டி ஆயிற்றே.

அவர்கள் போனதும் சாமி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "யாரு அழுதது, லட்சுமணா?"

"குப்பம்மா தங்கச்சிங்க."

"பாவம். அவங்களுக்காக வேண்டிக்கிறேன்."

பங்குனியில் சாமிக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், ஒரு சாமியாரை மட்டும் கூப்பிட முடியுமா என்றார். யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். "மலையடிவாரத்துல அவங்க நிக்கிறாங்க சாமி," என்றேன். நான்காம் நாள் அடங்கிவிட்டார். விளக்கெண்ணெயை நானே பூசினேன். குப்பம்மாளுக்குப் பக்கத்தில்தான் புதைத்திருக்கிறேன், தோண்டிப் பாருங்கள்.

அடைத்துவைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அவர் நாட்டில்தான் வெளியிலிருந்து பூட்டினார்கள். இங்கே தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. நான் ஒரு பூட்டுகூட வாங்கியதில்லை.