வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது மோட்டார் போட்டவன்

எனக்குத் தனியாக டீ குடித்துப் பழக்கமில்லை. நடந்ததற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதிவாணன் என் பக்கத்து வயல்காரன். இருபது வருஷம் சிங்கப்பூர்ப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். வந்ததிலிருந்து தினமும் நாலு மணிக்கு வரப்பைத் தாண்டி என் போர்செட்டுக்கு வருவான். நான் பிளாஸ்க்கில் டீயோடு இருப்பேன். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோர் தலையையும் உருட்டுவோம்.

போன தை மாதம் காயலான் கடையிலிருந்து உலோகம் செதுக்கும் பழைய மில்லிங் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினான். கையால் சுற்றும் பிடிகளைக் கழற்றி மோட்டார் பூட்டினான், கம்ப்யூட்டரைச் சேர்த்தான். படத்தைக் கொடுத்தால் அலுமினியத்தை அதுவே வெட்டுமாம். அதோடு நாலு மணி என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. நான் குறை சொல்லவில்லை. அவன் கண் கெட்டுவிடுமே என்றுதான் கவலைப்பட்டேன்.

ஆனி மாதம் ஒருநாள் நான் போர்செட்டில் ஸ்டார்ட்டரை அமுக்கினேன். கொட்டகையில் மிஷின் சத்தம் பட்டென்று நின்றது. பத்தாவது நிமிஷம் மதிவாணன் வரப்பில் வந்துகொண்டிருந்தான்.

"சாஃப்ட்வேர் கோளாறுடா பஞ்சநதம். மிஷின் மேசை ஓரத்துல ஒரு சுவிட்ச் வச்சிருக்கேன், மேசை எல்லை தாண்டுனா அது தட்டி எல்லாம் நிக்கணும். யாருமே தட்டல. தட்டிருச்சுன்னு செவப்பா காட்டுது."

அன்று இரண்டு டம்ளர் டீ குடித்தான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேண்டுமென்றே அமுக்கிப் பார்த்தேன். என் மோட்டாருக்கு வரும் ஒயர் அவன் கொட்டகைச் சுவரை ஒட்டித்தான் வருகிறது. மோட்டார் எழும்பும்போது அந்த அதிர்ச்சி சுவிட்ச் ஒயரில் ஏறிக்கொள்கிறது போலிருக்கிறது. சாஃப்ட்வேர் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு நான் அளவோடுதான் அமுக்கினேன். நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஒரு தடவை. அவன் சாஃப்ட்வேரை அழித்து ஏழு தடவை புதிதாக ஏற்றினான். கம்ப்யூட்டரை மாற்றினான். அந்த சாஃப்ட்வேரை விற்ற கோயம்புத்தூர்க்காரர்களிடம் போனில் மணிக்கணக்கில் கெஞ்சினான். பாதி வேலையில் நின்று நின்று பதினொரு கட்டர் உடைந்தது. சமயபுரத்தில் மொட்டை போட வேண்டிக்கொண்டான். சாஃப்ட்வேருக்காக மொட்டை போட்டவன் இந்த டெல்டாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். துணைக்கு நான்தான் போனேன். சந்தனம் நான்தான் தடவினேன், காதோரம் விட்டுப்போகாமல், நன்றாகவே தடவினேன்.

ஆவணியில் வாய்க்கால் தளும்பியது. அப்போதும் என் மோட்டார் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓடியது. ஒரு புதன்கிழமை மதிவாணனின் மனைவி அனுராதா வரப்பில் வந்து நின்றாள்.

"அண்ணே, வாய்க்கால்ல இவ்வளவு தண்ணி ஓடுது. மோட்டாரு எதுக்குண்ணே?"

"நாத்துக்குத்தாம்மா."

அவள் என் நாற்றங்காலைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நாற்று மொத்தமும் அழுகிக் கிடந்தது.

"கூத்தாநல்லூர் மஜீது பாய் நடவு மிஷினுக்கு நாத்து ஊன்ற விரல் பன்னெண்டு கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள குடுக்க முடியலன்னா, அந்த மிஷின எடைக்குப் போட்டுட்டு சென்னைக்குப் பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னு இவங்க முடிவு பண்ணிட்டாங்கண்ணே. நெலத்தையும் குத்தகைக்கு விட்டுட்டு."

நேராகக் கொட்டகைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதிவாணன் மிஷினைப் பார்த்தபடியே கேட்டான்.

"மொட்டை போட்டப்ப தெரியுமாடா?"

"தெரியும்."

அவன் தலையைத் தடவிக்கொண்டான். முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் திறந்தான். கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காத சிக்னலைக் கண்டுகொள்ளாதே என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லும் இடமாம் அது. அதில் ஐம்பது என்று அடித்தான். எண் குறைந்தால் பழையபடி நின்றுவிடுமாம்.

"போய் மோட்டாரைப் போடு."

போட்டேன். மிஷின் நிற்கவில்லை. சனிக்கிழமையே பன்னிரண்டு விரலும் கூத்தாநல்லூர் போய்விட்டது. அவன் சென்னைக்குப் போகவில்லை. தன் நாற்றில் பாதியைப் பறித்து என் வயலுக்கு அனுப்பினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இப்போது மஜீது பாய் இன்னும் நூறு விரல் கேட்டிருக்கிறார். மதிவாணன் வரப்பைத் தாண்டுவதே இல்லை. நான்தான் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போகிறேன். டம்ளரை வாங்கிக்கொள்கிறான், கண் திரையில் இருக்கிறது. ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் "ம்" என்கிறான்.

நான் திருந்திவிட்டேன். ஸ்டார்ட்டர் பக்கம் தேவையில்லாமல் போவதில்லை. அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். ஐம்பதில் சைபரை எடுத்தால் ஐந்து, ஒரே தட்டு. எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். நாலு மணிக்கு அவன் கிரீஸ் கையைக் கழுவ வெளியே போகும்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன், டீ ஊற்றுவதற்காக.