பசுவும் கிடாயும்

செவன் ஹில்ஸ் நிலையத்திலிருந்து ரயில் கிளம்பியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“அப்பா என்னை மாடு எண்டு சொன்னதாலதானடி கலியாணம் சரிவந்தது.”

நான் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

“என்னடி சொல்லுறாய்?” என்றாள் அவளுடைய தோழி.

“மாரெக்கின்ர அம்மா போலந்துக்காரி. ஒரு வருசமா எனக்கு முகம் குடுத்துக் கதைக்கேல்லை. போன ஞாயிறு அப்பாவும் நானும் அவையின்ர வீட்டுக்குப் போனனாங்கள். அப்பா போனை எடுத்து, ‘என்ர மகள் ஒரு பசு’ எண்டார். போன் அதை அப்பிடியே போலிஷில சொல்லிச்சுது.”

“அதில என்ன பிழை?”

“அவையள் பொம்பிளையைப் பசு எண்டால், தடிச்சி, தத்தி எண்டு அர்த்தம்.”

“ஐயோ! பிறகு?”

“மனுசி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தா. ‘பெத்த பிள்ளையைப் பற்றி இவ்வளவு நேர்மையாக் கதைக்கிறாரே’ எண்டு மாரெக்கிட்ட சொல்லிப்போட்டு, ‘என்ர மகனும் ஒரு கிடாய்தான்’ எண்டு போனில சொன்னா. அங்க கிடாய் எண்டால் மொக்கன்.”

“அங்கிள் கோவிக்கேல்லையோ?”

“ஏன் கோவிக்கிறார்? பொடியன் நல்ல பலசாலியாக்கும் எண்டு எழும்பிக் கட்டிப்பிடிச்சவர். அதில வைச்சே நாளும் குறிச்சாச்சு.”

“நீங்கள் ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லையோ?”

“மாரெக் வாயைத் திறந்தவன். நான் மேசைக்குக் கீழ காலை மிதிச்சனான்.”

“அப்ப பிரச்சினை முடிஞ்சுது.”

“எங்க முடிஞ்சது? கலியாணத்தண்டு மைக்கில மருமகனைக் கிடாய் எண்டு புகழவேணுமாம். அப்பா இப்பவே போலிஷில பாடமாக்கிறார்.”