கட்டையைத் திருப்பும் பரீட்சை

"மூணு மாசமா நான் வீடியோ கேம் ஆடினது இந்தப் பரீட்சைக்குத்தாம்ப்பா."

பவானிபூரில் நான் பஸ் ஏறியதும் முன்சீட்டிலிருந்து இந்தத் தமிழ் கேட்டது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அப்பாவுடன் உட்கார்ந்திருந்தாள். கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு அன்று அவளுக்குத் தேர்வு.

"படத்துல இருக்கிற கட்டையைத் திருப்பினா எப்படி இருக்கும்னு போன தடவை கேட்டாங்க. பாதிக்கு மேல தப்பு."

"பொம்பளைங்களுக்கு அது வராதுன்னு அப்பவே சொன்னேன்."

"தம்பி எட்டு வயசுலேர்ந்து கட்டையைத் திருப்புற கேம் ஆடறான். என் கையில யாரு குடுத்தீங்க? இப்பல்லாம் கண்ணை மூடினாக்கூட கட்டை சுத்தறது தெரியுது."

"இன்னிக்கும் வரலேன்னா?"

"மறுபடி மூணு மாசம் ஆடுவேன்."

கண்டக்டர் அலிப்பூர் என்று கத்தினார்.

"அப்பா, உங்க ஆபீஸ் வந்தாச்சு. இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. போனை எடுத்து, மகளுக்குப் பரீட்சை, இன்று வரமாட்டேன் என்று யாரிடமோ வங்காளத்தில் சொன்னார். பிறகு அந்தப் போனை அவளிடம் நீட்டினார்.

"நீ முடிச்சுட்டு வர்ற வரைக்கும் கேட் பக்கத்துல இருக்கேன். அந்தக் கேமை இதுல போட்டுக் குடு."